டொலேடோ 1085: மதில் எங்கே உடைந்தது?

கோட்டைவாசல்:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் "ஆறாம் அல்ஃபோன்சோ 1085இல் டொலேடோவின் மதிலை உடைத்து நுழைந்தான்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எந்த மதில்? ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஆண்ட அந்த ஊர், கிறிஸ்தவ அரசனான அல்ஃபோன்சோவிடம் மே 6 அன்று பேசிச் சரணடைந்தது. மே 25 அன்று திறந்த கதவு வழியாக அவன் உள்ளே போனான்.

வாள்முனை:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1084 இலையுதிர் காலத்தில் தொடங்கிய முற்றுகை அது. அதற்கு முன்பே சுற்றுவட்டார வயல்களை எல்லாம் அழித்துவிட்டார்கள். பசி தாங்காமல் கதவைத் திறந்தால் மதில் உடைந்தது என்றுதான் அர்த்தம்.

கோட்டைவாசல்:
அப்படி அர்த்தம் இல்லை. "உடைத்து" என்று எழுதினீர்கள், உடைத்த இடத்தைக் காட்டுங்கள். மூன்று பக்கமும் தாஹோ ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, தரைவழி வடக்கே மட்டும்தான். மோதிப் பிடிக்கிற ஊரா அது? அதனால்தான் பேரம் நடந்தது. 1080இல் ஊரைவிட்டு விரட்டப்பட்ட டொலேடோ மன்னன் அல்-காதிரைத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்ததே அல்ஃபோன்சோதான். அந்த அல்-காதிர் டொலேடோவைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வலென்சியாவில் போய் உட்கார்ந்தான்.

பழைய நாணயம்:
அரபியில் அந்த ஊருக்குத் துலைத்துலா என்று பெயர். இங்கே ஒருவர்கூட அப்படி எழுதவில்லை.

வாள்முனை:
ஸ்பானியர்கள் தொலேதோ என்கிறார்கள், அதையும்தான் எழுதவில்லை. தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

பழைய நாணயம்:
முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த பெயர் ஐயா. உங்களுக்கு அது சின்ன விஷயமா?

நீலக்கல்:
பெரிய பள்ளிவாசல் முஸ்லிம்களிடமே இருக்கும் என்று சரணின்போது வாக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் முடிவதற்குள் அது தேவாலயமாகிவிட்டது. அரசன் ஊரில் இல்லாதபோது பேராயர் பெர்னார்டும் ராணி கான்ஸ்டன்ஸும் செய்தார்கள் என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார்கள். எனக்கு அது அரசனைக் காப்பாற்றும் கதையாகத்தான் படுகிறது. இதைப் பேசாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே!

கோட்டைவாசல்:
பள்ளிவாசலைப் பறித்தது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். மதிலை உடைத்து நுழைகிறவன் எதற்கு வாக்குக் கொடுக்க வேண்டும்? வாள்முனை இதற்குப் பதில் சொல்லட்டும்.

வாள்முனை:
சரி, சொல்கிறேன். டொலேடோ போனதும் செவில்லின் முஸ்லிம் மன்னர் அல்-முஃதமித் நடுங்கிப்போய் வட ஆப்பிரிக்க மன்னர் யூசுஃப் இப்ன் தாஷ்ஃபீனைக் கடல் தாண்டி அழைத்தார். 1086 அக்டோபர் 23 அன்று ஸல்லாகா போரில் அல்ஃபோன்சோ தோற்றான். வெறும் பேரத்தைக் கண்டா இப்படிப் பயந்தார்கள்?

கோட்டைவாசல்:
ஸல்லாகாவில் தோற்ற பிறகும் டொலேடோ அவன் கையில்தான் இருந்தது. நான் கேட்டது மதிலைப் பற்றி. போன மாதம் அந்தியோக்கியா இழையிலும் இதையேதான் செய்தீர்கள். 1098இல் கோபுரக் காவலன் ஃபிரூஸ்தான் சிலுவைப்படையை அந்த ஊருக்குள் விட்டான் என்றேன். பத்துப் பதிவு இழுத்தடித்துவிட்டுக் காணாமல் போனீர்கள்.

வாள்முனை:
காணாமல் போகவில்லை, வீட்டில் உடம்பு சரியில்லை. அதைக்கூடக் கணக்கு வைத்திருக்கிறீர்களா?

கோட்டைவாசல்:
உடம்பு தேறியிருந்தால் மகிழ்ச்சி. மதில்?

நீலக்கல்:
1072இல் தம்பியான அல்ஃபோன்சோவை அண்ணன் சாஞ்சோ விரட்டியபோது அடைக்கலம் கொடுத்தது இதே டொலேடோ. கொடுத்த அன்றைய மன்னர் அல்-மாமூன், அல்-காதிரின் தாத்தா. சோறு போட்ட வீட்டையே சுற்றி வளைத்தான் அவன். எனக்கு அதுதான் வலிக்கிறது.

கோட்டைவாசல்:
வலிக்கட்டும், ஆனால் தனியாகப் பேசுவோம். வாள்முனை, அவன் நுழைந்ததாகச் சொல்லும் பழைய பிசாக்ரா வாசல் இன்றும் அவன் பெயரோடு நிற்கிறது. போய்ப் பாருங்கள்.

வாள்முனை:
வாசல் நின்றால் மதில் உடையவில்லை என்று ஆகிவிடுமா? என் வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன்.

பழைய நாணயம்:
துலைத்துலா.

கோட்டைவாசல்:
மாற்றவேண்டாம். உடைந்த இடத்தை மட்டும் காட்டுங்கள். நாளைக்கும் வந்து இதையேதான் கேட்பேன்.