சின்ன பாத்ரூமில் பெரிய டைல்ஸ் போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மடிப்பாக்கம்_முதல்மாடி

எங்கள் பாத்ரூம் 4க்கு 7 அடி. அதில் குளிக்கும் மூலை 3 அடிகூட முழுசாகக் கிடையாது. பழைய 8க்கு 12 அங்குல டைல்ஸ், தோள் உயரத்தில் பூப்போட்ட பார்டர், எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை உடைத்துவிட்டு தரையிலிருந்து சீலிங் வரை 2க்கு 4 அடி, வெளிர் சாம்பல், பளபளப்பில்லாத மேட் போட்டோம். பெரிதாகத் தெரிகிறதா என்றால், தெரிகிறது. பின்சுவர் 4 அடி அகலம், 8 அடி உயரம். முன்பு அதில் 48 டைல் இருந்தது, இப்போது நாலே நாலு. நெடுக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான்.

ஆனால் இதை எழுத வந்தது பக்கச் சுவருக்காக. 7 அடியில் மூன்று முழு டைல் போக, மூலையில் ஒரு துண்டு வந்தது. அந்தத் துண்டு கீழே 11 அங்குலம், மேலே 10கால். வீடு பழசு, சுவர் தூக்கில் இல்லை, அதாவது செங்குத்தாக நிற்காமல் சாய்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் எங்கள் யாருக்கும் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் சின்ன டைல் போட்டவர் வரிசைக்கு வரிசை இடைவெளியை நூல் நூலாக ஏற்றி இறக்கிச் சமாளித்திருக்கிறார். பெரிய டைலில் அதற்கு இடமே இல்லை. ஷவரைத் திறந்துவிட்டு நின்றால் நேர் எதிரே அந்த மூலைதான். சோப்பு போடும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

தஞ்சை_கீழவாசல்

சுவருக்குச் சரி. தரைக்கும் இதையே நம்பிவிடாதீர்கள்.

எங்கள் குளிக்கும் இடம் 3க்கு 3. தரையிலும் கோடு தெரியக் கூடாது என்று கடையில் சொல்லி 2க்கு 2 வாங்க வைத்தார்கள். தண்ணீர் வெளியேறும் ஜாலி நட்டநடுவில். நாலு பக்கத்திலிருந்தும் வாட்டம் நடுவை நோக்கி இறங்க வேண்டும், டைல் வளையாது. மேஸ்திரி மூலைக்கு மூலை அறுத்து முக்கோணம் முக்கோணமாகப் போட்டார். கோடே வேண்டாம் என்று வாங்கிய டைலில் குறுக்கும் நெடுக்கும் கோடு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மூலையில் மட்டும் வாட்டம் பிடிக்கவில்லை. காலையில் குளித்த தண்ணீர், வேலை முடிந்து ராத்திரி வந்து விளக்கைப் போட்டால் அங்கேயே நிற்கிறது. உள்ளங்கை அகலம்தான். ஓரமெல்லாம் சோப்பு காய்ந்து வெள்ளை விளிம்பு கட்டியிருக்கும். வெறுங்காலை வைத்தால் வழவழவென்று ஒரு படலம். தினமும் வைப்பர் வைத்துத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வருகிறோம்.

கோவை_பீளமேடு

தஞ்சை நண்பரே, டைலைக் குறை சொல்லாதீர்கள். ஜாலி நடுவில் இருந்ததுதான் வம்பு. நாங்கள் 4க்கு 6 பாத்ரூமில் ஜாலியைச் சுவரோரம் தள்ளி, சுவரின் முழு நீளத்துக்கும் நீள ட்ரெயின் (தண்ணீர் வடியும் ஒடுங்கிய கால்வாய்) வைத்தோம். ஒரே பக்கம் வாட்டம். 2க்கு 4 டைலை அறுக்காமல் தரையில் அப்படியே படுக்க வைத்தார்கள். டைல்களுக்கு இடையே அடைக்கும் க்ரவுட் காய்ந்ததும் நானே ஒரு பக்கெட் தண்ணீரை வாசல் பக்கம் நின்று கவிழ்த்தேன். மொத்தத் தண்ணீரும் ஒரே விரிப்பாகச் சுவரை நோக்கிப் போய் ட்ரெயினுக்குள் இறங்கியது. ஒரு சொட்டு தேங்கவில்லை.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் வேண்டும். 3 அடிக்கு முக்கால் அங்குலம். மேஸ்திரி "கண்ணுக்குத் தெரியாம குடுத்துடலாம் சார்" என்றால் விடாதீர்கள், ரசமட்டத்தை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஜாலியை நகர்த்துவதாக இருந்தால், தரைக்கு அடியில் பள்ளம் நிரப்பும் முன்பே முடிவெடுங்கள். அபார்ட்மென்ட்டில் மேல்மாடி என்றால் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்காமல் ஆசைப்பட்டுப் பிரயோஜனமில்லை. வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்து, சுவரிலும் ஏற்றி, ஜாலியை அடைத்துத் தண்ணீர் கட்டி குறைந்தது ஒரு நாள் முழுக்க விடுங்கள். கீழ்வீட்டு சீலிங்கைப் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம்தான் டைல். நீள ட்ரெயினில் தட்டு கையால் தூக்குகிற மாதிரி இருக்க வேண்டும், முடி சிக்கினால் எடுக்கணும் இல்லையா.

இன்னொன்று. பெரிய டைலைச் செங்கல் அடுக்கு மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் போடச் சொல்லாதீர்கள். நீளமான டைல் சூளையிலிருந்து வரும்போதே நடுவில் லேசாக உப்பி இருக்கும். ஒன்றின் நடுவும் அடுத்ததன் ஓரமும் சேர்ந்தால் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நேராக ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. க்ரவுட் நிறம் டைலின் நிறத்தோடு கலந்துவிட வேண்டும். வெளிர் டைலுக்குக் கறுப்பு க்ரவுட் போட்டு ஒரு வீட்டில் பார்த்தேன். 2க்கு 4 போட்டும் சுவர் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது.

சேலம்_டைல்ஸ்வேலை

நான் இந்த வேலை எடுத்துச் செய்கிறவன். பெருசு நல்லதா சின்னது நல்லதா என்று எல்லாரும் பேசுகிறீர்கள், எதை வைத்து ஒட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு வீட்டிலிருந்து விடிகாலையில் போன். நாங்கள் செய்த வேலை இல்லை, வேறு ஆள் செய்தது. போய்ப் பார்த்தால் ஷவர் சுவரிலிருந்து ஒரு 2க்கு 4 டைல் ராத்திரியில் கழன்று விழுந்திருக்கிறது. பைப் வளைந்து, பக்கெட் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்த டைல் ஒன்று 14, 15 கிலோ இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் அதே இடத்தில் வைத்துத்தான் குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பெட்டியிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்திருக்குமோ அப்படியே சுத்தமாக இருந்தது. சிமெண்ட் அத்தனையும் சுவரிலேயே நிற்கிறது, அதுவும் நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று. அந்தச் சுத்தமான முதுகு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இந்தப் பெரிய டைல் விட்ரிஃபைடு, அதாவது அதிகச் சூட்டில் சுட்டு இறுகியது; தண்ணீர் குடிப்பது அரை சதவீதத்துக்கும் கீழே. அந்தக் காலத்து செராமிக் டைல் குடிக்கும், சிமெண்ட் பால் அதற்குள் இறங்கிப் பிடிக்கும். இதில் இறங்காது. அதற்குத்தான் அட்ஹெசிவ். பல் வைத்த கரண்டியால் சுவரில் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லிசாகப் பூசி, அமுக்கி ஒட்ட வேண்டும். தண்ணீர் படுகிற இடத்தில் முதுகில் 95 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும். முதல் டைலை ஒட்டியதும் உடனே ஒருதரம் பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல ஆளாக இருந்தால் கோபப்பட மாட்டார். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். டொக்கென்று பொள்ளல் சத்தம் வருகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

மடிப்பாக்கம் அண்ணா கேட்டதற்கு: சுவர் சாய்வை டைல் ஒட்டும்போது சரி பண்ண முடியாது. பழையதை உடைத்த கையோடு தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, பூச்சிலேயே எடுத்திருக்க வேண்டும். 10 அடிக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருக்கக் கூடாது என்பது பெரிய டைலுக்குக் கணக்கு. அதில் சுவருக்கு அரை அங்குலம், முக்கால் அங்குலம் இடம் போகும், அதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்வது எங்கள் பொறுப்பு. இப்போதைக்கு அந்த மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒரு கண்ணாடி அலமாரித் தட்டு வரிசை போட்டால் சாய்வு தெரியாது.

திருச்சி_உறையூர்

அழகைப் பற்றியே எல்லாரும் எழுதுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு 78 வயது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிப்பார். பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சுவரிலும் தரையிலும் ஒரே பளபள டைல் போட்டிருந்தார்கள். எழுந்திருக்கச் சுவரில் கை ஊன்றினார், ஸ்டூலின் கால் நாலும் பின்னால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நான் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஸ்டூல் தரையில் இழுபடுகிற அந்தக் கிறீச் சத்தம் கேட்டதும் உள்ளே ஓடினேன். கையை ஊன்றிக்கொண்டதால் இடுப்பு தப்பியது, மணிக்கட்டில் மாவுக்கட்டு.

கோவை சார், ஒரே வாட்டத்தில் 2க்கு 4 படுக்க வைத்தது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் போகிறது என்பதும் கால் நிற்கிறது என்பதும் வேறு வேறு. சோப்புத் தண்ணீரில் கால் நிற்பதற்கு டைலின் சொரசொரப்பு வேண்டும், இடையிடையே க்ரவுட் கோடும் வேண்டும். நாங்கள் தரையை மட்டும் உடைத்து 2 அங்குலத் துண்டுகள் சேர்ந்து தாளாக வரும் மொசைக் டைல் ஒட்டினோம், சுவரின் அதே மணல் நிறத்தில், மேட். சுவரில் இருந்த பெரிய டைலைத் தொடவே இல்லை. நிறம் ஒன்றாக இருப்பதால் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துத் தெரிவதில்லை, இடமும் குறைந்தமாதிரி இல்லை. சின்னத் துண்டு என்பதால் வாட்டம் எந்தப் பக்கமும் வளைந்து கொடுக்கிறது. தஞ்சைக்காரருக்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன். அப்புறம், கைப்பிடிக் கம்பி. டைல் ஒட்டும் முன்பே சுவரில் எங்கே ஓட்டை போடுவது என்று குறித்துவிடுங்கள். பொள்ளலாக ஒட்டிய டைலில் பிற்பாடு டிரில் வைத்தால் விரிசல் விட்டுவிடும், முழு 2க்கு 4 டைலும் வீண்.

செங்காங்_சிங்கப்பூர்

இங்கே கதை வேறு. புது வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரையையோ சுவரையோ பெயர்க்க அனுமதி கிடையாது, அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சுக்காக. அதனால் பலரும் இருக்கிற டைல்ஸ் மேலேயே ஒட்டுகிறார்கள். நாங்களும் அப்படித்தான், 60க்கு 120 சென்டிமீட்டர்.

அறை விசாலமாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் தரை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. மடிப்புக் கதவு உராய்ந்ததால் அடியைச் சீவினார்கள். நிலைப்படியின் உயரம் குறைந்துபோனது யார் மனத்திலும் படவில்லை. முதன்முதலாக ஷவரைத் திறந்து குளித்துக்கொண்டிருந்தபோது மனைவி சமையலறையிலிருந்து கத்தினார். சீவிய கதவுக்கு அடியில் தண்ணீர் கோடாக வந்து அரிசிப் பெட்டியைத் தொட்டிருந்தது. இப்போது வாசலில் ஒரு ரப்பர் தடுப்பு ஒட்டியிருக்கிறது, கால் தட்டுகிறது. மேலேயே ஒட்டப் போகிறவர்கள் சுவருக்கு மட்டும் செய்யுங்கள், தரையை விட்டுவிடுங்கள்.

கோவை_பீளமேடு

உறையூர் சகோதரி சொல்வதை ஏற்கிறேன், எங்கள் வீட்டில் வயதானவர்கள் இல்லாததால் அது என் யோசனையில் வரவில்லை. ஆனாலும் எங்கள் தரை டைல் மேட்தான், பளபள இல்லை. பெரிய டைல் என்றாலே வழுக்கும் என்று எழுதுவது சரியல்ல.

திருச்சி_உறையூர்

பெரிய டைல் என்றாலே வழுக்கும் என்று நான் எழுதவில்லை சார். எங்கள் தரையில் இருந்தது பளபள என்றுதான் எழுதினேன். மேட் என்றாலும் ஷாம்பூ நுரையோடு ஈரக்கால் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறேன். கடையில் ஒரு டைலைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் ஊற்றுவார்கள், நாங்கள் இரண்டாவது முறை அப்படித்தான் எடுத்தோம்.

அண்ணாநகர்_பழையகட்டடம்

யாரும் சொல்லாத ஒன்று. சுவருக்குள் போகும் டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வு) எங்களுக்குக் கசிந்தது. சின்ன டைல் காலத்தில் இரண்டு டைலைப் பெயர்த்தால் வேலை முடிந்தது. இப்போது 8 சதுர அடி டைல் ஒன்று முழுசாகப் போனது. பிளம்பர் சுத்தியலை ஓங்கும் முன், "வேற டைல் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. கடைக்குப் போனால் அந்த டிசைனே நின்றுவிட்டது என்றார்கள். டைல் தயாராகும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வேறு லாட் (வேறு தடவை தயாரித்த சரக்கு) வரவழைக்கலாம், ஆனால் நிறம் ஒரு சாயல் மாறும் என்றார்கள். மாறித்தான் வந்தது. நாலு டைல் உள்ள சுவரில் ஒன்று வேறு நிறமாக இருந்தால் ஒளிக்க இடமே இல்லை.

அதனால் கணக்குப் போடும்போது வேஸ்டேஜ் போக ஒரு பெட்டி கூடுதலாக வாங்குங்கள். 2க்கு 4 பெட்டிக்கு இரண்டு டைல்தான் வரும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் ஷேடு எண்ணும் லாட் எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். மீதியைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.