சைக்கிள் கடைக்காரர் பேச்சை நம்பி ஸ்கூட்டரை விற்கலாமா?

இருசக்கரன் எழுதியது:
சைக்கிள் கடைக்குப் போனால் இப்போது வாசலிலேயே நிற்பது மின்சார சைக்கிள்தான். "அலுவலகம், கடைத்தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும், பூமிக்கும் நல்லது" என்று கடைக்காரர் பாடம் நடத்துகிறார். விற்பவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் எட்டு மாதம் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன், அவர் சொன்னது பொய் இல்லை. வேலைக்குப் போக 9 கி.மீ., வர 9 கி.மீ. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி ஆகிறது. 80 கி.மீ. ஓடினாலும் ஒரு யூனிட் (1,000 வாட்-மணி) முழுதாகச் செலவாவதில்லை. ஸ்கூட்டர் மூலையில் தூசி படிந்து நிற்கிறது, விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

பழையசெயின் எழுதியது:
வந்துவிட்டேன். நீங்கள் ஸ்கூட்டரை விட்டு வந்தீர்கள், சரி. எல்லோரும் அப்படியா? சாதாரண சைக்கிளை மிதித்தவர், பஸ்ஸில் போனவர், நடந்தவர் எல்லோரிடமும் கடைக்காரர் இதே பாட்டைத்தான் பாடுகிறார். நடந்து போனவர் கையில் லித்தியம் பேட்டரியைத் திணித்துவிட்டுப் பூமியைக் காப்பாற்றினேன் என்றால் எப்படி? நிலக்கரி மின்சாரம் என்றால் புகை உங்கள் தெருவில் இல்லை, வேறு யாருடைய கூரைமேலோ இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒருமுறை சார்ஜ் போட்டால் இவ்வளவு தூரம் ஓடும் என்று ஃபிரேமில் ஒட்டியிருக்கும் அந்த '80 கி.மீ.' தாள். மெலிந்த ஆள், சமதளம், எதிர்காற்று கிடையாது, மோட்டார் உதவி மிகக் குறைந்த நிலையில். இந்த நான்கும் ஒரே நாளில் எனக்கு வாய்த்ததே இல்லை.

இருசக்கரன் எழுதியது:
கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம் ஐயா. முழுக்க நிலக்கரி, யூனிட்டுக்கு 1 கிலோ கரியமில வாயு என்று உங்கள் பக்கம் சாய்த்தே எடுத்துக்கொள்கிறேன். என் சைக்கிளுக்குக் கிலோமீட்டருக்கு 12 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் ஸ்கூட்டருக்கு அது 46 கிராம். அரை யூனிட் கொள்ளும் பேட்டரியைத் தயாரிக்க 50 கிலோ ஆனது என்று வைத்தாலும் 1,500 கி.மீ.க்குள் கடன் தீர்ந்துவிடுகிறது. நான் அதைத் தாண்டி வெகுநாளாகிறது.

தாள் விஷயத்தில் வாதாட மாட்டேன். எனக்குக் கிடைப்பது 45.

ஸ்பேனர்கை எழுதியது:
பழுது பார்க்கிறவன் நடுவில் பேசலாமா? நீங்கள் இருவரும் புகையைப் பற்றியே பேசுகிறீர்கள். பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் மோட்டார் இருக்கும் வண்டி பஞ்சர் ஆனால் என்ன நடக்கும் தெரியுமா? வயரைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை வெட்ட வேண்டும். இணைப்பை நேராக இழுக்க வேண்டும், திருகினால் உள்ளே ஊசி வளைந்துவிடும். அச்சு நட்டைக் கழற்றும்போது, பல் வைத்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மாற்றிப் போட்டால், மோட்டார் முறுக்கும் வேகத்தில் அச்சு இடம் நழுவும். பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆகிறது. பெடலருகே மோட்டார் இருக்கும் வண்டியில் சக்கரத்தைக் கழற்றுவது சுலபம். ஆனால் மோட்டாரின் பலம் முழுவதும் செயின் வழியாகப் போவதால், செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும்.

பேட்டரியோடு மட்டும் விளையாடாதீர்கள். கிடைத்த சார்ஜரைச் செருகுவது, பழைய பேட்டரிகளிலிருந்து பிரித்த செல்களை வைத்து யாரோ வெல்டு செய்து சேர்த்த பேட்டரியை வாங்குவது, இரவு முழுவதும் வாசற்படியருகே சார்ஜ் போடுவது, மூன்றும் ஆபத்து. நியூயார்க்கில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீவிபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டிலேயே அங்கே விற்கும் மின்சார சைக்கிளுக்கு யூஎல் 2849 என்ற மின்பாதுகாப்புத் தரம் கட்டாயமானது.

மழைத்துளி எழுதியது:
பின்னால் குழந்தை, கேரியரில் காய்கறிப் பை, கூடவே முழங்கால் வலி. இந்த மூன்றோடும் மேடு ஏறியவர் உங்களில் யார்? நடந்து போனவள் நான்தான் ஐயா. நடந்த காலத்தில் தூரம் என்று போகாமலே விட்ட இடங்களுக்கு இப்போது போகிறேன். அதை எத்தனை கிராம் என்று எழுதுவீர்கள்?

பழையசெயின் எழுதியது:
குற்றம் சொல்லவில்லை அம்மா. உங்களுக்கு அது தேவை. என் கோபம் விற்றுவிட்டுக் கையைக் கழுவுகிறவர்கள் மேல்தான். என் தங்கை மகனின் வண்டியில் இரண்டே வருடத்தில் ஹேண்டிலில் இருந்த திரை அணைந்துபோனது. திரை இல்லாமல் மோட்டார் ஓடாது. வாங்கிய கடையில் "அந்த மாடல் நின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டார்கள். இன்று அதன்மேல் துணி காய்கிறது. என் சைக்கிளுக்கு முப்பது வயது. அதற்குப் பெடல் வேண்டுமென்றால் எந்தக் கடையிலும் வாங்கலாம்.

இருசக்கரன் எழுதியது:
அது நியாயமான கோபம். ஆனால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். ஆளும் வண்டியும் பையுமாக 98 கிலோ. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேட்டில் 15 கி.மீ. வேகத்தில் ஏற, ஏற்றத்துக்கு மட்டுமே சுமார் 200 வாட் வேண்டும். பழக்கமில்லாதவருக்குத் தொடர்ந்து 100 வாட் கொடுப்பதே பெரும்பாடு.

பழையசெயின் எழுதியது:
நான்கு நாள் கழித்து வருகிறேன். நண்பர் ஒருவரின் வண்டியை வாங்கி ஓட்டினேன். மேட்டில் நான் எப்போதும் நின்று மூச்சு வாங்கும் மரத்தை நிற்காமலே கடந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. திரும்பும்போது வேண்டுமென்றே மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தேன். காற்று இறங்கிய டயரை மிதிப்பது போல இருந்தது. மாடிக்குத் தூக்கிப் பார்த்தேன், 22 கிலோ, முதல் திருப்பத்திலேயே இறக்கிவிட்டேன்.

ஸ்பேனர்கை, ஒன்று சொல்லுங்கள். திரை, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி மூன்றையும் தனித்தனியாக மாற்றக்கூடிய வண்டி எது? தங்கை மகனுக்காகத்தான் கேட்கிறேன்.

ஸ்பேனர்கை எழுதியது:
தங்கை மகனுக்காக, நம்பிவிட்டேன்! பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். கடைக்காரரை உங்கள் கண்முன்னே பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். மாற்றுத் திரை அலமாரியில் இருக்கிறதா, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த 80 கி.மீ. தாளை அதற்கப்புறம் படித்துக்கொள்ளலாம்.