‘உவர்நாடி’யா, ‘உப்புவிரும்பி’யா?

அன்புடையீர், வணக்கம்.

கடல்மீனில் வந்து குடல்நோய் தரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்னும் பாக்டீரியா பற்றிய கையேட்டு வரைவில், வளர உப்பு தேவைப்படும் உயிரியைக் குறிக்கும் ‘ஹாலோஃபைல்’ என்பதற்கு ‘உவர்நாடி’ என்று இட்டிருக்கிறார்கள். சொல் கச்சிதம்தான், ஆனால் ‘நாடி’ என்றதும் கைபிடித்துப் பார்க்கும் நாடிதான் நினைவுக்கு வருகிறது. பழைய இலக்கியத்தில் ‘உவரி’ கடலைக் குறித்தாலும், இன்று ‘உவர்’ என்றால் கிணற்று நீரும் களர்மண்ணுமே. எனவே ‘உப்புவிரும்பி’யை முன்மொழிகிறேன்.

ஜப்பானியரும் இவ்வழியே சென்றவர்கள். 1950 அக்டோபரில், ஒசாகாவில், வேகவைத்து அரைகுறையாக உலர்த்திய ‘ஷிராசு’ என்னும் பொடிமீனை உண்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தனர். அப்போது ஆய்வாளர் ஃபூஜினோ பிரித்தெடுத்த இந்தப் பாக்டீரியா வளர உப்பு வேண்டும் என்பது பின்னர் தெரியவந்தபோது, ‘நோய் தரும் உப்புவிரும்பிக் கிருமி’ என்னும் பொருள்படப் பெயரிட்டார்கள். இன்று அங்கே வழங்குவது ‘குடலழற்சி விப்ரியோ’. ‘விப்ரியோ’வை அவர்கள் மொழிபெயர்க்கவில்லை. நாமும் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ‘பாராஹீமோலிட்டிகஸ்’ என்பதற்கு வரைவில் உள்ள ‘இணைக்குருதிச்சிதைப்பி’யைப் படித்து முடிப்பதற்குள் மீனே கெட்டுவிடும்.

எனக்குப் பெரிதாகப் படும் பிழை வேறு. உணவை நஞ்சாக்கும் இன்னொரு பாக்டீரியாவான ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸையும் வரைவு ‘உவர்நாடி’ என்கிறது. அது உப்பு மிகுந்த உணவிலும் வளரும், உப்பே இல்லாவிட்டாலும் வளரும். ஆகவே அது ‘உப்புதாங்கி’. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸோ உப்பில்லா ஊடகத்தில் வளராது. ஏறத்தாழ 3 விழுக்காடு உப்பும் உடல் வெப்பமும் கிடைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பிடித்த மீனைக் குழாய்நீரில் நன்கு கழுவுங்கள், ஐஸில் வையுங்கள் என்று கையேடு சொல்வதில் முதற்பாதிக்கான காரணம், நன்னீர் அதற்கு ஆகாது என்பதே. ‘உப்புவிரும்பி’ என்ற சொல்லே அதை விளக்கிவிடும்.

ஓர் இடர் உண்டு: உப்பை விரும்புவதானால் கருவாட்டில் கொழிக்குமே என்று படிப்பவர் நினைக்கக்கூடும். உப்பு ஏறத்தாழ 10 விழுக்காட்டைத் தாண்டினால் இதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது என்பதால், சொல் முதலில் வரும் இடத்திலேயே அந்த வரம்பையும் எழுதிவிட வேண்டும். அவ்வாறாயின் வரைவின் முதல் வாக்கியம் இப்படி அமையும்: “விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், கடல்நீரளவு உப்பில் செழித்து, மிகை உப்பில் வளர்ச்சி குன்றும் ஓர் உப்புவிரும்பி.” ‘மிகை உப்பு’ என்பதைவிடப் பொருத்தமான தொடர் இருந்தால் தெரிவியுங்கள்.