அப்பாவின் வீடியோ கடை: வரலாற்றை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

காவிரிக்கரை கேட்டது:

என் அப்பா கும்பகோணத்தில் 1987 முதல் 2009 வரை வீடியோ கடை வைத்திருந்தார். கேசட் வாடகைக்கு விடும் கடை அல்ல. கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, கும்பாபிஷேகம் என்று போய்ப் படம்பிடித்துக் கொடுக்கும் கடை. அப்பா, ஓர் உதவியாளர், விளக்குப் பிடிக்க ஒரு பையன், மொத்தமே மூன்று பேர்தான்.

சென்ற ஐப்பசியில் அப்பா காலமானார். கடையின் கதையை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்று தவிக்கிறேன். பில் புத்தகங்கள் ஒரு மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. கையில் இருக்கும் ஒரே காகிதம், கேமரா வாங்க அம்மாவின் வளையல்களை அடகு வைத்த ரசீது. பரணில் 212 விஎச்எஸ் கேசட்டுகள் கிடக்கின்றன. பாதிக்குப் பெயர்ச்சீட்டே இல்லை. சிலவற்றில் அடித்து அடித்து மூன்று பெயர்கள் எழுதியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரரை அழைத்து வருவதாகச் சித்தப்பா சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

முகூர்த்தக் கேமரா:

தம்பி, முதலில் சித்தப்பாவைத் தடுத்து நிறுத்துங்கள். அடித்து எழுதிய அந்த மூன்று பெயர்கள்தான் உங்கள் பில் புத்தகம்.

மயிலாடுதுறையில் இருபது வருடம் நானும் இதே தொழில் செய்தவன். வெற்றுக் கேசட் அன்று எங்களுக்குப் பெரிய செலவு. கல்யாணத்தில் எடுத்ததை இரண்டு டெக் (கேசட்டை ஓட்டவும் பதியவும் உதவும் கருவி) வைத்து வேறொரு கேசட்டில் தொகுத்து வீட்டாரிடம் கொடுப்போம். எடுத்த கேசட் கடையிலேயே தங்கும். அடுத்த முகூர்த்தத்துக்கு அதன்மேலேயே பதிவு செய்வோம். அழிந்துவிடாமல் இருக்கக் கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடலாம். மறுபடி பதிய வேண்டும் என்றால் அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டினால் போதும். பரணில் இருப்பவற்றைத் திருப்பிப் பாருங்கள். செல்லோடேப் ஒட்டியவை எல்லாம் ஒருமுறைக்கு மேல் ஓடியவை.

இப்போது முக்கியமான செய்தி. மூன்று மணி நேரக் கேசட்டில் இரண்டாவது கல்யாணம் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருந்தால், கடைசி ஒரு மணி நேரத்தில் முதல் கல்யாணம் அப்படியே இருக்கும். நடுவில் சில விநாடிகள் திரையில் வெறும் புள்ளிகள் கொதிக்கும். கருவிக்குள் நாடாவில் புதிய படத்தைப் பதியும் பாகமான பதிவுத் தலைக்கு முன்னாலேயே, பழையதை அழிக்கும் தலை உட்கார்ந்திருப்பதால் வரும் இடைவெளி அது. "முடிந்துவிட்டது" என்று அங்கே நிறுத்திவிடாதீர்கள். கடைசி அங்குலம் வரை ஓடவிடுங்கள்.

தேதிக்குப் படத்தின் மூலையில் தெரியும் எண்களை மட்டும் நம்ப வேண்டாம். கேமராவுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் அவை பிசகிவிடும். பிள்ளையார் படத்துக்கு அடுத்து நாங்கள் எல்லோரும் கல்யாணப் பத்திரிகையைத்தான் எடுப்போம். அங்கே படத்தை நிறுத்தி ஆண்டின் பெயரைப் படியுங்கள். பிரபவ என்றால் 1987-88, அடுத்து விபவ, அடுத்து சுக்கில. அப்படியே எண்ணிக்கொண்டு போகலாம்.

விளக்குப் பிடித்த பையனைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். ஆயிரம் வாட் ஹாலஜனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மணவறையில் நின்றவன் அவன். நாங்கள் பார்த்ததெல்லாம் கேமராக் கண்ணுக்குள் தெரிந்த சின்னச் சதுரம். மண்டபம் முழுவதையும் பார்த்தவன் அவன்தான்.

நாடா மருத்துவர்:

மேலே பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எதையும் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்து, சுருளின்மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் பூஞ்சை. டெக்கில் நாடாவைப் படிக்கும் உருளை நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றுகிறது. பூஞ்சை அதில் ஏறிவிட்டால் அடுத்து போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். அப்படிப்பட்டவற்றைத் தனியே எடுத்துவைத்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். புதிய டெக் இனிக் கிடைக்காது. கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பழுது பார்த்த பழைய டெக் ஒன்றை இப்போதே வாங்கிவிடுங்கள்.

செண்பகம்:

ஒரு வேண்டுகோள். எதையும் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அந்தந்தக் குடும்பத்தைத் தேடிக் கேளுங்கள். அந்தக் கல்யாணங்களில் சில முறிந்திருக்கும், சிலர் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் பாட்டி நடமாடும் படம் ஒரு நொடிகூட இல்லை. உங்கள் பரணில் யாருடைய பாட்டி இருக்கிறாரோ, அவர்கள் வீட்டுக்குத்தான் அது முதலில் போக வேண்டும்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள். 212 கேசட்டுகளில் 31 பூஞ்சை பிடித்தவை, தனியே எடுத்துவிட்டேன். செண்பகம் அக்கா, உங்கள் சொல்லை மீறமாட்டேன்.

ஐயா, நீங்கள் சொன்னபடி நேற்றிரவு ஒரு கேசட்டைக் கடைசிவரை ஓடவிட்டேன். வளைகாப்பு முடிந்தது. புள்ளிகள் கொதித்தன. பிறகு ஏதோ ஒரு வீட்டுத் திண்ணை. வெள்ளை எது என்று கேமராவுக்குக் காட்டி நிறத்தைச் சரிசெய்ய, திரை முழுவதும் வேட்டி முனை ஒன்றை யாரோ விரித்துப் பிடித்திருக்கிறார்கள். நீலம் பாய்ந்திருந்த நிறம் மெல்ல வெள்ளைக்குத் திரும்புகிறது. "இன்னும் கொஞ்சம் கிட்டே காட்டுடா" என்று அப்பாவின் குரல். வேட்டி விலகியதும் விளக்கோடு நிற்கும் பையனின் முகம். அம்மா பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இன்று டீக்கடை வைத்திருப்பவர் அவர். எத்தனையோ முறை அவரிடம் டீ குடித்திருக்கிறேன். நாளைக் காலை நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன்.