சரளை மண்ணில் ஹாக்கி கோல்கீப்பர்: கீக்கோ கோர்தேஸிடம் எதைக் கத்துக்கலாம்?

கேள்வி (காரைக்குடி):
வணக்கம். நம்ம பள்ளி அணியின் கோல்கீப்பருக்கு 16 வயசு. ஸ்பெயின் அணியின் கோல்கீப்பரா இருந்த கீக்கோ கோர்தேஸ்னா அவனுக்கு உயிர். மைதானமோ சரளை கலந்த செம்மண். பெனால்டி கார்னர்னாலே (பின்கோட்டிலிருந்து தள்ளிவிடுற பந்தை, கோலுக்கு முன்னால இருக்கிற வட்டத்துக்கு வெளியே எதிரணி நிறுத்தி கோலைப் பார்த்து அடிக்கிறது) படுத்துடறான், பந்து அவனைத் தாண்டி மேலே போயிடுது. காலில் கட்டுற பேடில் பட்ட பந்தும் காலடியிலேயே நிக்குது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில் (தேவகோட்டை):
முதல்ல கோர்தேஸைப் பத்தி. 1983இல் பிறந்தவர், டெர்ராசா ஊரின் எகாரா கிளப்காரர். கண்டாங்கிக்கு நம்ம காரைக்குடி மாதிரி, அது துணி ஆலைகளால் வளர்ந்த ஊர். 2008, 2012, 2016, டோக்கியோன்னு நாலு ஒலிம்பிக். டோக்கியோவில் ஆடும்போது வயசு 38. 2008 பெய்ஜிங் இறுதியில் ஜெர்மனிகிட்ட 1-0 தோல்வி, வெள்ளிப் பதக்கம். அந்த ஒரே கோலும் பெனால்டி கார்னரில் வந்ததுதான். அந்த மட்டத்திலேயே ஆட்டத்தைத் தீர்க்கிற இடம் அது. அதனால பையனுக்கும் அங்கிருந்தே தொடங்குங்க.

பதில் (கோவில்பட்டி):
சார், படுக்கிறது தப்பில்லை, முந்திப் படுக்கிறதுதான் தப்பு. பெனால்டி கார்னரில் முதல் ஷாட் ஹிட்டா (மட்டையை ஓங்கி அடிக்கிறது) இருந்தா, கோலின் அடியில் இருக்கிற 460 மி.மீ. பலகை உயரத்துக்கு மேல போனா கோல் கிடையாது. ஃப்ளிக்குக்கு (ஓங்காம, பந்தை மட்டையால இழுத்துத் தூக்கி விடுறது) அந்த வரம்பே இல்லை. அதனால அடிக்கிறவன் கையைப் பார்க்கச் சொல்லுங்க. மட்டையைப் பின்னால ஓங்கினா படுக்கலாம். குனிஞ்சு பந்தை இழுத்துக்கிட்டே வந்தா நின்னே ஆகணும். கோல் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். படுத்தவனால மேல் மூலையை எட்டவே முடியாது.

கோல் கோட்டிலிருந்து ஒரு நீள எட்டு முன்னால வந்து, பந்து மட்டையை விட்டுக் கிளம்புறதுக்குள்ள ரெண்டு காலும் தரையில் பதிஞ்சிருக்கணும். நகர்ந்துக்கிட்டே இருந்தா எந்தப் பக்கமும் பாய முடியாது. சரளையில் பந்து துள்ளுறதால எதிரணி அதை நிறுத்தவே திணறும். அந்த நேரம் உங்க பையனுக்கு லாபம், அதைப் படுத்து வீணாக்க வேண்டாம்.

பதில் (தேவகோட்டை):
காலடியில் பந்து நிக்குதுன்னா பேட் பழைய பஞ்சு பேடா இருக்கும். பஞ்சு வேகத்தை உறிஞ்சிடும், கெட்டி ஃபோம்தான் பந்தைத் தூரத் தள்ளும். பேடை மாத்த முடியலைன்னா கிக்கரால (ஷூ மேல மாட்டுற பாதக் காப்பு) உதைக்கப் பழக்குங்க: முழங்கால் மடங்கி, தலை பந்துக்கு மேல, பாதத்தின் உள்பக்கத்தால பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்து. உடம்பு பின்னால சாய்ஞ்சா பந்து எழும்பி வட்டத்துக்குள்ளேயே விழும், நேரா எதிராளி மட்டைக்கு. வட்டத்தின் ரெண்டு ஓரத்திலும் அடையாளம் வச்சு, எட்டு மீட்டரிலிருந்து பந்து உருட்டி, பக்கத்துக்கு இருபது உதை. தினமும்.

கேள்வி (காரைக்குடி):
நன்றிண்ணே. பஞ்சு பேடேதான். கிக்கர் வார் மாசத்துக்கொருமுறை அறுந்துடுது, கிரிக்கெட் பேடும் சாதா ஷூவும் போதுமா?

பதில் (கோவில்பட்டி):
கூடவே கூடாது. கிரிக்கெட் பேடு பாதத்தை மூடாது, 160 கிராம் கெட்டிப் பந்து விரலை உடைச்சிடும். சரளை உரசித்தான் அடிவார் அறுது. செருப்புத் தைக்கிறவர்கிட்ட கொடுத்து ரெட்டை வாராத் தைச்சுக்குங்க. பக்கிள் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்பக்கம் இருந்தா ரெண்டு காலும் மாட்டிக்கும். ஹெல்மெட், தொண்டைக் காப்பு, அடிவயிற்றுக் காப்பு இல்லாம பயிற்சிக்குக்கூட நிறுத்தாதீங்க.