குடும்பக் குழு: டிரங்குப் பெட்டிப் படங்கள்

*ஞாயிறு*

[காலை 8:05] திவ்யா: 📷 படம்

[8:06] திவ்யா: பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில இருந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டுதானே? எந்த வருஷம்னு யாராச்சும் சொல்லுங்க

[8:14] பெரியப்பா: குன்னூரேதான் கண்ணு. 60 வாக்குல இருக்கும். ரோடு எவ்ளோ காலியா கிடக்கு பாரு. இப்ப அங்க ஒரு ஆள் நிக்க இடமில்ல

[8:21] அருவங்காடு மாமா: 60 இல்லீங்ணா. அம்பாசிடரோட முகத்தைப் பெருசாக்கிப் பாருங்க. கிரில் நெருக்கமா சின்னச் சின்னக் கட்டமா இருக்கு. அது அம்பாசிடர்ல மார்க் 2ங்கிற மாடல். 1962க்கு முன்னாடி அது கிடையாது

[8:22] கார்த்தி: அப்ப 62னு எழுதிடலாமா?

[8:26] அருவங்காடு மாமா: அவசரப்படாத. வண்டி சொல்றதெல்லாம் “இதுக்கு முன்னாடி இல்ல”ங்கிறது மட்டும்தான். 62ல வாங்கின அம்பாசிடர் 80லயும் இதே ரோட்டுல டாக்ஸியா ஓடியிருக்கும். படத்துல இருக்கிறதுலயே கடைசியா வந்த பொருள் எதுன்னு தேடணும். அதுதான் படத்தோட வருஷத்தை நம்ம காலத்துப் பக்கம் இழுக்கும்

[8:27] அருவங்காடு மாமா: பின்னாடி நிக்கிற பஸ் பக்கவாட்டுல என்ன எழுதியிருக்கு?

[8:31] திவ்யா: பாதிதான் தெரியுது மாமா. “சேர”

[8:32] அருவங்காடு மாமா: முடிஞ்சுது. சேரன் போக்குவரத்துக் கழகம் வந்ததே 1972ல. படம் அதுக்கு அப்புறம்

[8:33] பெரியப்பா: அட! 12 வருஷம் ஒரே தாவு 😄

[8:37] கார்த்தி: மார்க் 3 ஒண்ணுகூட இல்லையே மாமா. அது 1975தானே? அப்ப 72க்கும் 75க்கும் நடுவுலன்னு சொல்லலாம்ல?

[8:44] அருவங்காடு மாமா: இருக்கிறது சாட்சி, இல்லாதது சாட்சி ஆகாது. படத்துல மொத்தமே ரெண்டு அம்பாசிடர்தான். இன்னொண்ணு, கிரில்லை மட்டும் நம்பிடாத. மார்க் 3ல படுக்கை வசமா பட்டை, 1979ல வந்த மார்க் 4ல பெரிய கட்டம், பக்கத்துல சதுர விளக்கு. முன்னாடி இடிச்சா கையில கிடைச்ச கிரில்லை மாட்டிடுவாங்க, இல்லாட்டி புதுசாத் தெரியணும்னே மாத்துவாங்க. மார்க் 2 உடம்புல மார்க் 4 முகம் வரலாம். ஆனா 79க்கு முந்தின படத்துல மார்க் 4 முகம் வரவே வராது

[8:46] கோத்தகிரி அத்தை: திவ்யா, இடது பக்கச் சுவத்துல சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கு பாரு. அந்த மூலையை மட்டும் 1200 டிபிஐல (அங்குலத்துக்கு 1200 புள்ளி) மறுபடி ஸ்கேன் பண்ணு. படத்தோட பேர் தெரிஞ்சா கிட்டத்தட்ட மாசமே சொல்லிடலாம். போஸ்டர் ரொம்ப நாள் தாங்காது, அதுவும் நம்ம ஊர் மழையில

[8:48] திவ்யா: சரிங்க அத்தை. எண் பலகை வச்சு ஏதாவது தெரியுமா? முதல் எழுத்து எம் மாதிரி இருக்கு

[8:55] அருவங்காடு மாமா: எம்முன்னா மெட்ராஸ் மாநிலக் காலத்து வரிசை. டியில ஆரம்பிச்சா 1969ல தமிழ்நாடுன்னு பேர் வந்ததுக்கு அப்புறம். இப்ப இருக்கிற டிஎன் 43 எல்லாம் 1989ல வந்தது. ஆனா பலகையும் வண்டி பதிவான காலத்தைத்தான் சொல்லும், படம் எடுத்த காலத்தை இல்ல

[9:20] திவ்யா: 📷 படம்

[9:20] திவ்யா: இதுல பானெட்டைத் திறந்து வச்சுட்டு நிக்குது. மலை ரோட்டுல வர்ற பர்லியாறா? என்ஜின் மேல ஏன் துணி போட்டிருக்காங்க?

[9:29] அருவங்காடு மாமா: நல்ல படம்! என்ஜின் பக்கவாட்டுல, பெட்ரோல் பம்ப் மேல கிடக்குது பாரு அந்தத் துணி. ஈரத் துணி அது. ஏத்தத்துல முதல் கியர்லயே ஏறும்போது என்ஜின் சூடு பம்புக்கு ஏறும். உள்ள இருக்கிற பெட்ரோல் ஆவியாயிடும். பம்ப் திரவத்தைத்தான் தள்ளும், ஆவியைத் தள்ளாது. கார்புரேட்டருக்கு பெட்ரோல் வராம வண்டி நின்னுடும். துணியை நனைச்சுப் போட்டு 10, 15 நிமிஷம் ஆற விட்டா தானா கிளம்பிடும்

[9:31] அருவங்காடு மாமா: டிரைவர் காலடியில தகர டின் இருக்கு பார்த்தியா? அது ரேடியேட்டருக்கு. ஊட்டி உயரத்துல (2240 மீட்டர்) தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும். மூடியோட ரப்பர் வாஷர் இத்துப் போயிருந்தா அழுத்தம் நிக்காது, அப்பதான் பொங்கும். சூட்டோட மூடியைத் திறக்கவும் கூடாது, பச்சைத் தண்ணியை ஒரேயடியா ஊத்தவும் கூடாது. என்ஜினை ஓட விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். இல்லேன்னா என்ஜின் பிளாக்கே விரிசல் விட்டுடும்

[9:33] பெரியப்பா: அந்தக் காலத்துல மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறுறதே ஒரு திருவிழா மாதிரி. நின்னு நின்னு, பலாப்பழம் வாங்கித் தின்னுக்கிட்டு 🙂

[10:02] கார்த்தி: 📷 படம்

[10:02] கார்த்தி: இது எங்க? கலர் எல்லாம் செம்பருத்தி மாதிரி ஆயிடுச்சு

[10:10] கோத்தகிரி அத்தை: 70கள்ல போட்ட கலர் பிரிண்ட் முக்காவாசி இப்படித்தான் ஆகும். மூணு சாயத்துல நீலப்பச்சை முதல்ல மங்கிடுது, சிவப்பு மிஞ்சுது. வெயில் படாம ஆல்பத்துக்குள்ள பத்திரமா இருந்தாலும் இது நடக்கும். ஸ்கேன் பண்ணின மூலக் கோப்பை அப்படியே வச்சுட்டு, இன்னொரு பிரதியில ஒவ்வொரு நிறத்தோட லெவலையும் தனித்தனியா சரி பண்ணு. சிவப்பை மட்டும் குறைச்சா முகமெல்லாம் சாம்பலாயிடும்

[10:15] அருவங்காடு மாமா: இடம் சுலபம். நம்ம ஊட்டி மலை ரயில் இது. ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச இரும்பு ஓடுது பாரு. அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல மட்டும்தான். குன்னூருக்கு மேல ஊட்டி வரைக்கும் பல்சக்கரம் கிடையாது. என்ஜின் எந்தப் பக்கம் இருக்கோ அதுதான் கீழ்ப்பக்கம், ஏறும்போது பின்னாடி இருந்து தள்ளும். ஆகவே இதுல வலது பக்கம் மேட்டுப்பாளையம்

[10:17] கார்த்தி: மாமா வேற லெவல் 🙏

[11:40] திவ்யா: 📷 படம்

[11:41] திவ்யா: ஜீப் படம். நெகட்டிவ்ல இருந்து எடுத்தேன். ஸ்டியரிங் இடது பக்கம் வருது, திருப்பிப் போட்டு ஸ்கேன் பண்ணிட்டேனா?

[11:50] அருவங்காடு மாமா: கிரில்லுல எத்தனை ஓட்டைன்னு எண்ணு

[11:52] திவ்யா: 9

[11:58] அருவங்காடு மாமா: அப்ப நீ பண்ணினது சரியாவே இருக்கலாம். 9 ஓட்டைன்னா ரெண்டாம் உலகப் போர் ராணுவ ஜீப். அதுக்கு ஸ்டியரிங் இடது பக்கம்தான். ஹெட்லைட் கிரில்லுக்குள்ள பதுங்கியிருக்கும். அப்புறம் வந்த சிவிலியன் ஜீப்புல 7 ஓட்டை, விளக்கு பெருசா வெளிய துருத்திக்கிட்டு இருக்கும். மஹிந்திரா சிஜே 3பின்னா பானெட் உசரமா நிக்கும், தூரத்துல இருந்தே தெரியும்

[12:03] கோத்தகிரி அத்தை: திரும்பியிருக்கான்னு பார்க்க வண்டியை நம்பாதீங்க. ஆம்பளைங்க சட்டைப் பையைப் பாரு, இடது மார்புல இருக்கணும். இல்லேன்னா நெகட்டிவ் ஓரத்து எழுத்து நேரா படிக்க வருதான்னு பாரு. மினுமினுப்பான பக்கம் உன்னைப் பார்த்து இருந்தா எழுத்து நேரா வரும். “இந்து”ன்னு இருக்கா அதுல?

[12:06] திவ்யா: ஆமா அத்தை!

[12:09] கோத்தகிரி அத்தை: நம்ம ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பிலிம் அது. அங்க உற்பத்தி ஆரம்பிச்சது 1967ல. ஆக ஜீப் 40கள்ல செஞ்சது, படம் 67க்கு அப்புறம். வண்டி வயசும் படத்து வயசும் வேற வேறன்னு காலையில இருந்து சொல்றது இதுதான்

[12:15] பெரியப்பா: ஃபேக்டரியே மூடியாச்சு. பிலிம் மட்டும் பாக்கி

[12:30] கார்த்தி: அத்தை, பெட்டியில கொஞ்சம் படத்துல வெள்ளை வெள்ளையா பூசணம். ஈரத் துணியால துடைக்கலாமா?

[12:38] கோத்தகிரி அத்தை: தொடவே தொடாத! பூசணம் ஜெலட்டினைத் தின்னு அதைக் கரையுற பதத்துக்குக் கொண்டாந்திருக்கும். தண்ணி பட்டா படமே துணியோட வழிச்சுக்கிட்டு வந்திடும். முதல்ல காய விடு. சிலிக்கா ஜெல் பையோட மூடி போட்ட டப்பாவுல ஒரு வாரம், மத்த படங்களோட சேர்க்காம. பொடியா உதிர்ற பதம் வந்ததும் மாஸ்க் போட்டுக்கிட்டு, வராண்டாவுல வச்சு, மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால தட்டி விடு. ரசகற்பூரம் போடாத, அது பூசணத்தை நிறுத்தாது

[12:40] கோத்தகிரி அத்தை: கண்ணாடி ஃபிரேம்ல ஒட்டிக்கிட்ட படத்தைப் பிய்க்காத. கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணிடு. பசை ஆல்பத்துல ஒட்டியிருந்தா பல் இடுக்குக்குப் போடுற நூல் இருக்குல்ல, மெழுகு பூசாதது, அதைப் படத்துக்கு அடியில விட்டு ரம்பம் மாதிரி இழு. வராட்டி விட்டுடு

[12:44] திவ்யா: ஸ்கேன் எத்தனைல வைக்கிறது?

[12:49] கோத்தகிரி அத்தை: பிரிண்டுக்கு 600 போதும். 6க்கு 6 சென்டிமீட்டர் நெகட்டிவ்னா 2400. டிஃப் கோப்பா சேமி. சொரசொரப்பான பேப்பர்னா புள்ளிப் புள்ளியா மினுங்கும், அதை ஒரு தடவை நேரா, ஒரு தடவை 180 டிகிரி திருப்பி எடுத்து ரெண்டையும் கணினியில கலந்தா போயிடும். போன்ல எடுக்கிறதா இருந்தா ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வரட்டும், ஃபிளாஷ் வேண்டாம், கிட்டக்கப் போகாம தள்ளி நின்னு 2 மடங்கு ஜூம் வச்சு எடு. கிட்டப் போனா ஓரம் வளையும்

[12:51] கோத்தகிரி அத்தை: அப்புறம், இங்க போட்டோவா அனுப்பாத. வாட்ஸ்அப் சுருக்கிடும், எண் பலகை எல்லாம் கொழகொழன்னு ஆயிடும். டாக்குமெண்டா அனுப்பு. பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணு, ஸ்டூடியோ முத்திரை இருந்தா இருக்கும். பேனாவால எதுவும் எழுதாத, மெல்லிசா பென்சில்ல

[12:58] அருவங்காடு மாமா: திவ்யா, ஜீப்போட பின்பக்கம் தெரியுற படம் இருந்தா அதையும் போடும்மா. ஸ்டெப்னி பின்னாடி தொங்குதா பக்கவாட்டுலயான்னு பார்க்கணும்