எதிரணி 45-லிருந்து பண்ட்: டச்பேக் ஆகாம நிறுத்துவது எப்படி?

வலதுகால்:
அமெரிக்க ஃபுட்பால், ஹைஸ்கூல் லெவல். நான் பண்டர் (பந்தைக் கையிலிருந்து விட்டு உதைச்சு எதிரணிப் பக்கம் தள்ளிவிடுறவன், அந்த உதைதான் பண்ட்). நம்ம பக்கம் 25 யார்டு கோட்டிலிருந்து அடிக்கிற ஸ்பைரல் (நீளவாக்குல சுழன்று போற உதை) நல்லாவே போகுது. எதிரணிப் பக்கம் 45-ல நாலாவது டவுன் (கடைசி வாய்ப்பு) வந்தாதான் பிரச்சினை, பாதிக்குப் பாதி எண்ட் ஸோனுக்குள்ள (கோல் கோட்டுக்குப் பின்னாடி இருக்கிற பகுதி) உருண்டுடுது. அதான் டச்பேக்: பந்தை எதிரணிக்கு அவங்க 20-ல வச்சுடறாங்க, நமக்கு நிகர லாபம் வெறும் 25 யார்டு. மெதுவா அடிச்சுப் பார்த்தா பந்து தள்ளாடுது. எதை மாத்தணும்?

நாலாம்டவுன்:
மெதுவா அடிக்கிறதை முதல்ல விடுங்க. ஸ்விங்கை பாதியில நிறுத்தினா ஸ்பைரலுக்குச் சுழற்சியே கிடைக்காது, அதான் தள்ளாட்டம். அப்படியே நல்லா சுழன்றாலும் மூக்கு முன்னாடி பார்த்து இறங்கும், குதிச்சா பெரும்பாலும் எண்ட் ஸோன் பக்கம்தான் ஓடும்.

இந்த தூரத்துக்கு ட்ராப் பண்ட்தான் சரி. ஆஸ்திரேலிய ஃபுட்பாலோட அடிப்படை உதை அது. 1995-ல சான் டியேகோ சார்ஜர்ஸுக்கு ஆட ஆரம்பிச்ச டேரன் பென்னட் மூலமாத்தான் என்எஃப்எல்-ல (அமெரிக்காவோட தொழில்முறை லீக்) பரவலாச்சு. பந்தோட ஒரு முனை தரையை நேரா பார்க்கணும். விரல்கள் ரெண்டு பக்கமும் கீழ்நோக்கி. இடுப்பு உயரத்துல, உதைக்கிற தொடைக்கு நேரா விடுங்க, தூக்கிப் போடாதீங்க. பாதத்தை விறைப்பா நீட்டி கீழ் முனையில அடிச்சா பந்து பின்பக்கமா உருண்டு சுழலும். விழுந்ததும் நிக்கும், இல்லேன்னா திரும்பி வரும்.

கோளாறு எப்பவும் கையிலதான். வலது கையைத் தாமதமா எடுத்தா பந்து சாய்ஞ்சு விழும், உதை பக்கவாட்டுல சீவிக்கிட்டுப் போகும். உதைக்காம வெறுமனே புல்லுல விட்டுப் பாருங்க: முனை குத்தி நேரா எழும்பினா ட்ராப் சரி.

வலதுகால்:
சரி, எங்க விழ வைக்கணும்?

கன்னர்_7:
10-ஐக் குறி வைங்க, கோல் கோட்டை இல்ல. ரிட்டர்னர் (பண்ட்டைப் பிடிச்சு திரும்ப ஓடுற எதிரணி ஆள்) குதிகால் 10-ல இருக்கிற மாதிரி நிப்பார், தலைக்கு மேல போற பந்தை விட்டுடுவார். அங்க உயரமா இறங்கினா ஃபேர் கேட்ச் (யாரும் இடிக்காம பிடிக்கலாம், ஆனா ஓட முடியாது) கேட்பார். அதுவே உங்களுக்கு 35 யார்டு.

தூரக் கணக்குல ஏமாறாதீங்க. ஸ்கோர் ஷீட்டுல தூரத்தை ஸ்நாப் கோட்டிலிருந்து (ஆட்டம் தொடங்கின கோடு) எழுதுவாங்க. 14-15 யார்டு பின்னாடி நின்னு ரெண்டு அடி எடுத்து வைக்கிற பண்டரோட கால் பந்தைத் தொடுறது கோட்டுக்கு சுமார் 12 யார்டு பின்னாடி. அப்போ காத்துல 47 யார்டு போகணும். 4 விநாடிக்கு மேல மிதந்தா கன்னர்கள் (பண்ட்டைத் துரத்தி ஓடுற நம்ம ஆட்கள்) கீழே வந்து நிக்க முடியும்.

இன்னொண்ணு. டிவி-ல கன்னர் எண்ட் ஸோனுக்குள்ள பாய்ஞ்சு, தரையில கால் படறதுக்கு முன்னாடி பந்தைத் தட்டி விடுறதைப் பார்த்து ஆசைப்படாதீங்க. ஹைஸ்கூல் விதியில பந்து கோல் கோட்டைத் தாண்டின நொடியே டச்பேக்.

நாலாம்டவுன்:
எதிர்காத்துன்னா பந்தைக் கொஞ்சம் தாழ்வா விட்டு தாழ்வா அடிங்க. உயரமாப் போனா காத்து நிறுத்தி 20-லயே போட்டுடும். பின்காத்துல ட்ராப் பண்ட் கூட நீளும், அப்போ நேரா அடிக்காம 15 யார்டு கோடு பக்கத்துல சைட்லைனுக்கு வெளியே அனுப்புறது பாதுகாப்பு.